ஆட்ட விதியும் ஆட்டத்தின் அறமும்

விதியை மீறுவது ஒன்று, வளைப்பது இன்னொன்று. வயதை மறைத்துப் பாடசாலை அணியில் ஆடுவதும், தோட்டப் போட்டியில் வெளித்தோட்டத்து ஆளை வேறு பெயரில் இறக்குவதும், பந்தை நகத்தால் சுரண்டுவதும் மீறல்கள். பிடிபட்டால் தண்டனை உண்டு. செய்தவரும் அதைச் சரியென்று வாதிட மாட்டார். வளைப்பவர் அப்படியல்ல. அவர் விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாதிடுவார். ‘இதைச் செய்யக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?’ என்பது அவர் கேள்வி. பெரும்பாலும் எங்கும் எழுதியிருக்காது. மெய்யியல் அக்கறை கொள்ள வேண்டியது இந்த இரண்டாமவரைப் பற்றித்தான். விதி அனுமதிப்பதெல்லாம் அறத்துக்கும் ஏற்றதுதானா என்ற பழைய கேள்வியை அவர் மைதானத்துக்கு நடுவே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

மலையகத்தோடு தொடர்புடைய ஓர் ஆட்டத்தில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுந்தது. 2006 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இலங்கையின் இரண்டாவது இன்னிங்ஸ் முடியும் தறுவாயில் இருந்தது. ஒன்பது விக்கெட்டுகள் விழுந்துவிட்டன. ஒரு முனையில் கண்டி திரித்துவக் கல்லூரியில் கிரிக்கெட் கற்ற குமார் சங்கக்கார. மறுமுனையில் முத்தையா முரளிதரன்; கண்டியில் பிறந்தவர், அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டிலிருந்து மத்திய மலைநாட்டுத் தோட்ட வேலைக்கு வந்தவர். சங்கக்கார ஓர் ஓட்டம் எடுத்து நூறைத் தொட்டார். முரளிதரன் ஓடிவந்து கோட்டுக்குள் மட்டையை ஊன்றிவிட்டு, நண்பரைக் கட்டித்தழுவ உடனே திரும்பி நடந்தார். களத்தடுப்பாளர் எறிந்த பந்து இன்னும் காற்றில் வந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்த விக்கெட் காப்பாளர் பிரண்டன் மெக்கலம் பெயில்ஸைத் தட்டிவிட்டு முறையிட்டார். பந்து ஆட்டத்தில்தான் இருந்தது, முரளிதரன் கோட்டுக்கு வெளியே நின்றார். நடுவருக்கு வேறு வழியில்லை. இலங்கை 170 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நியூசிலாந்து ஐந்து விக்கெட்டுகளால் வென்றது.

மெக்கலத்தின் பக்கம் இருந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதன் மிக வலுவான வடிவத்தை பெர்னார்ட் சூட்ஸ் என்ற மெய்யியலாளர் 1978இல் வெளியிட்ட ‘வெட்டுக்கிளி’ என்ற நூலிலிருந்து கட்டியெழுப்பலாம். ஓர் இலக்கை எளிய வழியில் அடைய முடியும்போதும், அந்த வழியை விலக்கும் விதிகளை விரும்பி ஏற்றுக்கொண்டு அடைய முயல்வதே விளையாட்டு என்று அவர் வரையறுத்தார். பந்தைக் கையில் எடுத்துப்போய் வலைக்குள் வைக்கலாம். அது உதைபந்தாட்டம் ஆகாது. அப்படியானால் விளையாட்டை உண்டாக்குவதே விதிகள்தான். விதிக்கு வெளியே ‘உண்மையான ஆட்டம்’ என்று தனியாக ஒன்று எங்கோ காத்திருக்கவில்லை. ஆகவே விதி எதை அனுமதிக்கிறதோ அதுவும் ஆட்டத்தின் பகுதிதான் என்பது வாதம்.

ஆனால் சூட்ஸின் வரையறையிலேயே இதற்கு மறுப்பும் இருக்கிறது. விதிகளை ஆடுகிறவர் ஏன் ஏற்கிறார்? அந்த ஆட்டம் நடக்க வேண்டும் என்பதற்காக. அந்த விருப்பம் இல்லாமல் விதிகளை மட்டும் கைக்கொள்பவர் ஆட்டத்துக்குள் நிற்கும் வழக்கறிஞர். ரன் அவுட் என்ற விதி எதற்காக உண்டானது? ஓட்டத்தை முழுதாக ஓடாதவர் அதற்குரிய பலனைப் பெறக்கூடாது என்பதற்காக. முரளிதரன் ஓட்டத்தை ஓடி முடித்திருந்தார். இன்னொன்றைத் திருட அவர் திரும்பவில்லை, நண்பனின் கையைப் பற்றத் திரும்பினார். விதியின் சொற்கள் அவரைப் பிடித்தன. விதி பிறந்த காரணம் அவரைத் தொடவே இல்லை.

இந்த இடைவெளிதான் எல்லா வளைப்புகளுக்கும் இருப்பிடம். 1981 பெப்ரவரி 1 அன்று மெல்பேர்னில் கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் அடித்தால் நியூசிலாந்து ஆட்டத்தைச் சமன் செய்துவிடும் என்ற நிலை. அவுஸ்திரேலியத் தலைவர் கிரெக் சப்பல் தம் தம்பி டிரெவரிடம் பந்தைத் தரையோடு உருட்டச் சொன்னார். அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை. பின்னரே தடுத்தது. பௌத்த விநய பிடகம் இதே முறையில்தான் வளர்ந்தது என்பது இங்கே நினைக்கத்தக்கது. சங்கத்துக்கான விதிகள் முன்கூட்டியே முழுத் தொகுப்பாக வகுக்கப்படவில்லை. ஒரு பிக்கு தவறான ஒன்றைச் செய்வார், செய்தி புத்தரிடம் போகும், அப்போது ஒரு விதி பிறக்கும். விதி எப்போதும் நடந்த தவறுக்குப் பின்னால் வருவதால், நாளைய தவறை இன்றைய விதி அறியாது. எழுதப்படாத எதையும் செய்யலாம் என்பவர் இந்தப் பின்தங்கலிலிருந்துதான் ஆதாயம் எடுக்கிறார். முதல் ஆளாக ஒரு தவறைச் செய்பவருக்கு விதி எப்போதும் மௌனமாகவே இருக்கும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது அவருடைய தேர்வு.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் இதன் நீண்ட வரலாறு ஒன்று உண்டு. அங்கே தாக்கும் அணிக்குப் பத்து யார் தூரம் முன்னேற நான்கு வாய்ப்புகள். எதிரணி வேகமாக ஆடும்போது, அந்த வேகத்தை உடைக்க ஒருவர் காயமென்று தரையில் விழுவது பல்லாண்டுகளாகத் தந்திரமாக இருந்தது. காயம் உண்மையா என்று நடுவரால் சோதிக்க முடியாது. சோதிக்கவும் கூடாது, உண்மையாகவே விழுந்தவரின் உயிர் அதில் இருக்கிறது. 2025 பருவத்தில்தான் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பந்து தரையில் வைக்கப்பட்ட பின் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் அவருடைய அணி ஓர் இடைநிறுத்தத்தை இழக்கும், அது கையில் இல்லையென்றால் ஐந்து யார் பின்வாங்கும். நேர்மையாகக் காயம்பட்டவரும் இதில் விலை கொடுக்கிறார். வளைப்பவர்கள் உண்டாக்கும் மிகப் பெரிய சேதம் இதுவே: அவர்களுக்காக எழுதப்படும் விதி, ஒருபோதும் வளைக்காதவர்களின் தலையில் விழுகிறது.

அதே விளையாட்டில் எதிர்த்திசைக்கும் சான்று இருக்கிறது. 1940 நவம்பரில் கோர்னெல் அணி டார்ட்மத் அணியைக் கடைசி நொடிகளில் 7–3 என்று வென்றது. பிறகு படச்சுருளைப் பார்த்தபோது நடுவரின் கணக்குப் பிழையால் கோர்னெலுக்கு ஐந்தாவது வாய்ப்பு கிடைத்திருந்தது தெரியவந்தது. முடிவை மாற்றும் கட்டாயம் எந்த விதியிலும் இல்லை. கோர்னெல் தந்தி அனுப்பி வெற்றியை விட்டுக்கொடுத்தது. ஆட்டம் டார்ட்மத்துக்கு 3–0 என்று பதிவானது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, 1990 அக்டோபரில், கொலராடோ அணி மிசூரியை அதே வகை ஐந்தாவது வாய்ப்பில் 33–31 என்று வென்றது. விட்டுக்கொடுக்கவில்லை, அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்தையும் பகிர்ந்துகொண்டது. இரண்டு அணியும் விதியை மீறவில்லை. இருந்தும் இரண்டும் ஒன்றல்ல என்று எவரும் உணர்வர். அந்த உணர்வுக்குக் காரணம் சொல்வதே இந்த விசாரணையின் வேலை.

ஏமாற்றுதல் என்ற சொல்லே இங்கே குழப்பம் தருகிறது. முரளிதரனின் ‘தூஸ்ரா’ பந்து துடுப்பாட்ட வீரரை ஏமாற்றவென்றே வீசப்பட்டது. உதைபந்தாட்டத்தில் இடப்பக்கம் சாய்ந்து வலப்பக்கம் ஓடுவதும் ஏமாற்றுதான். அவற்றை யாரும் குறை சொல்வதில்லை, ஏனென்றால் அந்த ஏமாற்றைக் கண்டுபிடிப்பதே எதிராளியின் திறமை. இரு தரப்பும் அதற்காகவே வந்திருக்கிறார்கள். காயமென்று விழுவதும், தரையில் பட்ட பந்தைப் பிடித்ததாகக் கையை உயர்த்துவதும் வேறு இனம். அங்கே ஏமாற்றப்படுவது எதிராளியின் கண் அல்ல, ஆட்டத்தை நம்பி நடத்தும் நடுவரின் நம்பிக்கை. ஆட்டத்துக்குள் செய்யும் மாயம் ஆட்டத்தை வளர்க்கிறது. ஆட்டத்தைப் பற்றிச் சொல்லும் பொய் அதை அரிக்கிறது.

மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, பொன்னர் சங்கர் ஆகியவற்றோடு ஆடப்பட்டு வரும் அருச்சுனன் தபசுக் கதையின் நடுவே இப்படியொரு விதித் தகராறு இருக்கிறது. தவம் செய்யும் அருச்சுனனை நோக்கிப் பன்றி ஒன்று பாய்கிறது. அருச்சுனன் அம்பு விடுகிறான். வேடனாக வந்த சிவனும் விடுகிறான். ஒருவன் குறிவைத்த விலங்கை மற்றவன் அடிப்பது வேட்டை மரபுக்கு விரோதம் என்று அருச்சுனன் கோபிக்கிறான். முதலில் குறிவைத்தது நான்தான் என்கிறான் வேடன். நடுவர் இல்லை, சண்டை மூள்கிறது. போரில் வல்ல வில்லாளி ஒருவன் சிவனிடம் பாசுபத ஆயுதத்தைப் பெறும் முன் முறையிடுவது ஆயுத பலத்தைப் பற்றியல்ல, வேட்டையின் ஒழுங்கைப் பற்றி என்பது கவனிக்க வேண்டியது. விதியை மதிக்கத் தெரிந்தவனிடம்தான் அந்த ஆயுதம் போகிறது.

அதே பாரதம் பின்னால் இந்த மதிப்பைச் சோதனைக்கு உள்ளாக்குகிறது. கதாயுத்தத்தில் நாபிக்குக் கீழே அடிக்கக்கூடாது. வீமன் துரியோதனனின் தொடையில் அடிக்கிறான். பார்த்துக்கொண்டிருந்த பலராமன் கலப்பையை ஓங்கிக்கொண்டு வீமன்மீது பாய்கிறான், கண்ணன் தடுக்கிறான். விழுந்துகிடக்கும் துரியோதனன் பாண்டவர் பக்கத்து வளைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறான். கண்ணன் தரும் சமாதானத்தின் சாரம், மறுதரப்பு முன்பே அறத்தை விட்டுவிட்டது என்பது. மைதானங்களில் இன்றும் அதிகம் கேட்கப்படும் சமாதானம் இதுவேதான்: அவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம். பாரதம் இதை ஏற்றுக்கொண்டது போலத் தோன்றும், முழுதாக ஏற்கவில்லை. அசுவத்தாமன் இறந்தான் என்று வாய்விட்டுச் சொல்லி, யானை என்ற சொல்லை அடக்கி உச்சரித்த தருமனின் தேர், அதுவரை நிலத்துக்கு நான்கு விரற்கடை மேலே நின்றது, அந்தக் கணமே மண்ணைத் தொட்டது. சொற்களின் எழுத்துப்படி தருமன் பொய் சொல்லவில்லை. அசுவத்தாமன் என்ற யானை இறந்திருந்தது. விதியின் எழுத்தை மட்டும் காப்பாற்றியதற்கு இவ்வளவு துல்லியமான தண்டனையை வேறு இலக்கியத்தில் காண்பது அரிது. இறுதியில் அவன் நரகத்தைக் கண்டு திரும்ப நேர்ந்ததற்கும் துரோணரிடம் செய்த அந்த வஞ்சமே காரணமாகச் சொல்லப்படுகிறது.

கம்பர் இன்னும் ஒரு படி துணிகிறார். மறைந்து நின்று அம்பெய்த இராமனை வாலி நெடுநேரம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறான். ஏன் மறைந்து எய்தீர் என்ற கேள்விக்கு விடை சொல்வது இராமனல்ல, இலக்குவன். நேரில் வந்திருந்தால் நீயும் அடைக்கலம் கேட்டிருப்பாய், தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்கிறான். அந்த விடை வாலிக்குப் போதுமானதா என்று தமிழ்ப் புலவர்களும் பட்டிமன்றங்களும் இன்றுவரை தீர்த்தபாடில்லை. வள்ளுவரோ வினைத்தூய்மை என்ற அதிகாரம் ஒன்றை அமைச்சியலில் வைத்து, பெற்ற தாயின் பசியைத் தீர்ப்பதற்காகக்கூடச் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்ற எல்லைவரை போகிறார். ஆட்டத்தில் வெல்வது தாயின் பசியைவிடப் பெரிய தேவையல்ல.

பௌத்தம் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது. வினையை எண்ணத்தோடு சேர்த்தே புத்தர் வரையறுத்தார். கை செய்ததைவிட மனம் கருதியதே கணக்கு. 2010 ஆகஸ்டில் தம்புள்ளையில் இந்தியா வெல்ல ஒரே ஓட்டம் தேவைப்பட்டபோது வீரேந்திர சேவாக் 99இல் இருந்தார். சுராஜ் ரந்திவ் கோட்டைத் தாண்டி நோ-போல் வீசினார். சேவாக் ஆறு அடித்தும், நோ-போலுக்கான ஓட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிட்டதால் சதம் கிடைக்கவில்லை. நோ-போல் வீசுவது குற்றமல்ல; எல்லாப் பந்துவீச்சாளரும் வீசுவார்கள். குற்றம் அந்தப் பந்தை வீசிய எண்ணத்தில் இருந்தது. இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் ரந்திவை ஓர் ஆட்டத்துக்கு நிறுத்திவைத்தது, திலகரத்ன தில்ஷானுக்கும் அபராதம் விதித்தது. விதியில் இடமில்லாத தண்டனையை ஓர் அமைப்பு தன் சொந்த அணிக்கே கொடுத்தது நேர்மையான செயல்.

ஆனால் விதியின் எழுத்தைப் பயன்படுத்துவதெல்லாம் வளைப்பாகிவிடாது. 2014 ஜூனில் எட்ஜ்பாஸ்டனில் சசித்ர சேனநாயக்க, பந்துவீசும் முன்பே கோட்டை விட்டு நகர்ந்துகொண்டிருந்த ஜோஸ் பட்லரை ரன் அவுட் செய்தார். முன்பே எச்சரித்திருந்தார். அணித்தலைவர் அஞ்சலோ மெத்தியூஸ் முறையீட்டை விலக்கிக்கொள்ளவில்லை. 1947இல் வினு மன்கட் அவுஸ்திரேலியாவில் இதையே செய்ததால் அவருடைய பெயரே இந்த ஆட்டமிழப்புக்கு வசையாக ஒட்டிக்கொண்டது. அது அநியாயம். முன்னரே நகர்பவர்தான் உரிமையில்லாத தூரத்தைத் திருடுகிறார். 2022 அக்டோபர் முதல் இந்த ஆட்டமிழப்பு ‘முறையற்ற ஆட்டம்’ என்ற பிரிவிலிருந்து எடுக்கப்பட்டு, ரன் அவுட் விதிக்குள் வைக்கப்பட்டது. அதே மெத்தியூஸ் 2023 நவம்பரில் டெல்லியில், தலைக்கவசத்தின் பட்டி அறுந்ததால் தாமதித்து, பங்களாதேஷின் முறையீட்டில் நேரம் கடந்தவராக ஆட்டமிழந்தார். சர்வதேசப் போட்டிகளில் அப்படி ஆட்டமிழந்த முதல் ஆள் அவர். இரண்டு முறையும் விதி ஒரே குரலில்தான் பேசியது. வேறுபாடு ஆட்டமிழந்தவரிடம் இருக்கிறது. பட்லர் ஆதாயம் தேடினார். மெத்தியூஸ் தேடவில்லை, 2006இல் முரளிதரனும் தேடவில்லை. எந்த ஆதாயத்தைத் தடுக்க விதி வந்ததோ அந்த ஆதாயம் இல்லாத இடத்தில் விதியை ஏவுவதே வளைப்பு.

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்தைவிட ஆட்டத்தின் ஆன்மா உயர்ந்தது என்ற பக்கம் சாய்கிறது. மலையகத்திலிருந்து பார்க்கும்போது அந்தச் சாய்வைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இங்கே கிரிக்கெட்டையும் றகரையும் கொண்டுவந்தவர்கள் தோட்டத் துரைமார். ரதல்லையிலும் தரவளையிலும் அழகிய மைதானங்களை அமைத்தார்கள். கனவான் ஆட்டம் என்ற பேச்சு அந்தக் கழகங்களின் வராந்தாக்களில்தான் வளர்ந்தது. அந்தக் கனவான்களின் காலை, பெரட்டுக்களத்தில் தொழிலாளரை வரிசையில் நிறுத்துவதோடு தொடங்கியது. கொழுந்து நிறுக்கும் தராசில் தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கிலோ கழிப்பதும், அளவு குறைந்தால் அரைநாள் கூலியாக அரைப்பேர் போடுவதும் தோட்டத்து வழக்கங்கள். ஆட்டத்தின் ஆன்மா என்று ஒருவர் சொல்லும்போது அது யாருடைய ஆன்மா என்று கேட்கும் உரிமை இந்த மக்களுக்கு உண்டு.

முரளிதரனே இதற்கும் சான்று. 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயர் அவர் பந்தை எறிகிறார் என்று ஏழு முறை நோ-போல் கொடுத்தார். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை அது. ஆண்டுக்கணக்கில் அவர்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு அளவுகோலைச் சார்ந்ததல்ல, பார்வையைச் சார்ந்தது: பார்ப்பதற்குச் சரியில்லை, ஆட்டத்தின் மரபுக்கு ஒவ்வாதது. அவரைக் காத்தது ஆன்மா அல்ல, எழுத்து. ஆய்வுகூடத்தில் அளந்தார்கள், மற்றவர்களையும் அளந்தபோது, சுத்தமான பந்துவீச்சாளர் என்று பெயரெடுத்தவர்களின் முழங்கையும் நிமிர்வது தெரிந்தது. 2005 மார்ச் முதல் எல்லோருக்கும் 15 பாகை என்று விதி அமைந்தது. 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு 2010இல் காலியில் அவர் ஓய்வு பெற்றார். சந்தேகத்துக்கு ஆளான ஒருவருக்குத் தெளிவாக எழுதப்பட்ட விதியே அடைக்கலம்.

எழுத்து அடைக்கலமாகாமல் வாளாகவும் முடியும் என்பதை இதே மக்கள் இன்னும் ஆழமாக அறிவார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத் தமிழர் என்ற சொல் எங்கும் இல்லை. தந்தை இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மட்டும் அது கேட்டது. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். லயத்தில் பிறந்தவர்களிடம் அதற்கான பத்திரம் இருக்கவில்லை என்பதை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை போயிற்று. கோடகன் பிள்ளை எதிர் முதனாயக்க வழக்கில் 1953இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. விதி எதையும் மீறவில்லை, இலட்சக்கணக்கானோர் நாடற்றவரானார்கள். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியிருந்தது. ஆட்டமும் குடியுரிமையும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆனால் ‘விதிப்படிதான் செய்தோம்’ என்ற வாக்கியம் இரண்டிலும் ஒன்றே. அதைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு, அந்த வாக்கியம் ஒரு விடையே அல்ல என்று யாரும் கற்பிக்கத் தேவையில்லை.

அப்படியானால் எழுத்தையும் நம்ப முடியாது, ஆன்மாவையும் நம்ப முடியாது என்ற நிலையில் ஆடுகிறவர் எதைப் பற்றிக்கொள்வது? தோட்டத்துச் சரிவு மைதானங்களில் பந்தாடும் பிள்ளைகளிடம் ஒரு வழி இருக்கிறது. அங்கே பந்து தேயிலைக்குள் போனால் எத்தனை ஓட்டம், லயக் கூரையில் விழுந்தால் அவுட்டா என்பதை ஆட்டம் தொடங்கும் முன் இரு பக்கமும் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். நடுவராக நிற்பவன் பெரும்பாலும் துடுப்பெடுத்தாடும் பக்கத்துப் பையன். அவன் தன் பக்கத்துக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொன்னால் நாளைக்கு ஆட யாரும் வரமாட்டார்கள். முன்கூட்டியே எதிராளியிடம் சொல்லிவிட்டுச் செய்யக்கூடிய தந்திரம் எது, சொன்னால் செய்ய முடியாமல் போகும் தந்திரம் எது என்ற பிரிவை அவர்கள் பெயரிடாமலே அறிந்திருக்கிறார்கள். சேனநாயக்கவின் ரன் அவுட் முதல் வகை, சொல்லிவிட்டே செய்தார். காயமென்று விழுவது இரண்டாம் வகை.

தவறு நடந்த பின் அதைத் திருத்தவும் கிரிக்கெட் விதி ஒரு வாசலை வைத்திருக்கிறது. களத்தடுப்பு அணியின் தலைவர் நடுவரின் சம்மதத்தோடு முறையீட்டை விலக்கிக்கொள்ளலாம். 1980 பெப்ரவரியில் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில், பொப் டெய்லர் பந்தைத் தொடவில்லை என்று கருதிய இந்தியத் தலைவர் குண்டப்பா விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயன் பொத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டுகளால் தோற்றது. கிறைஸ்ட்சர்ச்சில் அந்த வாசலை யாரும் திறக்கவில்லை. 2016இல் இலண்டன் லோர்ட்ஸில் ஆற்றிய கௌட்ரி உரையில், அன்று முரளிதரனை ஆட்டமிழக்கச் செய்ததற்காக மெக்கலம் வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். 2006இல் நடைமுறையிலிருந்த விதிப்படி, ஆட்டமிழந்தவர் மைதானத்தை விட்டு வெளியேறும் முன் முறையீடு விலக்கப்பட்டிருக்க வேண்டும். முரளிதரன் வெளியேறி ஏறக்குறைய பத்தாண்டு ஆகியிருந்தது.